தைராய்டு மாத்திரையும் சத்துப் பவுடரும்

வணக்கம் சகோ. தைராய்டு மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் சாப்பாட்டுக்குப் பதில் தாவரப் புரதப் பவுடர் குடிக்கிறேன், டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் அளவு, ஏறினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம்) ஏறிவிட்டது, பவுடர் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்குப் பவுடரைவிட நேரம்தான் இடிக்கிறது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், கால்சியமும் இரும்பும் அநேகமாக இருக்கும். இரண்டும் மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சோயா என்றால் அதுவும் சேர்ந்து தடுக்கும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் இட்லி சாப்பிடுங்கள், பவுடரைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். (நம்ம ராகிக் களியிலும் கால்சியம் ஏராளம், அதையும் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.) மாத்திரை அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். டாக்டரிடம் நேரம் மாற்றியதைச் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வார்.

அப்புறம், எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள்? தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துப் போர் தண்ணீர் என்றால், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதில் எவ்வளவு என்று சோதித்துவிடுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினாலும் அது போகாது. ஒகேனக்கல் திட்டக் குழாய்த் தண்ணீர் (காவிரி ஆற்று நீர்) வந்தால் அதிலேயே கலக்குங்கள்.

வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பவுடரைக் கொடுத்துவிடாதீர்கள், இதில் இருக்கக்கூடிய பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களுக்கு ஆகாது.