மார்பிள் கடைக்கு மவன அனுப்பலாமான்னு கேட்ட அக்காவுக்கு

வணக்கம் கா. உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன், அழுதுக்கிட்டே பேசுனதுல மொத தடவ பாதி புரியல. தம்பி, அதான் உங்க மவன், எஸ்பிஎம் (நம்ம மலேசியாவுல ஃபார்ம் ஃபைவ் பரீட்சை) பாஸ் பண்ணிட்டான், கிரெடிட்னு சொல்ற நல்ல மார்க்கு ரெண்டு பாடத்துலதான், மேல ஃபார்ம் சிக்ஸ் படிப்பு வேணாம்ன்றான், ஈப்போ பக்கத்துல சிம்பாங் பூலாய்ல கூட்டாளி வேல செய்ற மார்பிள் கடைக்கு போறேன்னு நிக்கிறான். "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரு, நான் செம்பனை (பாமாயில்) தோட்டத்துல கெடந்தேன், இவன் கல்லு ஒடைக்கவா பொறந்தான்"னு கேட்டீங்க. அந்த வார்த்தைதான் மனசுலயே நிக்குது.

முன்ன நம்ம தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு அம்மி கொத்த ஒரு தாத்தா வருவாரே, உளிய வச்சு டொக்கு டொக்குன்னு, நீங்க அதைத்தான் மனசுல வச்சிருக்கீங்க. இப்ப அந்த கடைங்கள்ல உளிக்கு வேலையே கம்மி. பெரிய மேசை மேல பலகை மாதிரி கல்ல படுக்க வச்சு மேலேர்ந்து ரம்பம் எறங்குது, சிங்க் ஓட்டைய கம்ப்யூட்டர் ஓட்டுற சிஎன்சி மெஷின் போடுது, சில எடத்துல தண்ணிய மணலோட கலந்து ஊசி மாதிரி பீச்சியே கல்ல அறுக்குறாங்க. ஆனா மெஷின் இருக்குன்னு மூளை வேணாம்னு நெனச்சிராதீங்க. டைமண்ட் பிளேடுன்றாங்களே, அதுல பல்லே கெடையாது கா. ஓரத்துல சின்ன சின்ன கட்டியா இருக்கும், உலோகத்தூளும் வைரத்தூளும் கலந்து அழுத்தி சூட்டுல இறுக்குனது, அது கல்ல வெட்டல, அரைச்சுக்கிட்டே போகுது. கிரானைட் மாதிரி கெட்டி கல்லுக்கு அந்த உலோகம் இளக்கமா இருக்கணும், அப்பதான் மழுங்குன வைரம் உதுந்து உள்ளருந்து புது வைரம் வெளிய வரும். மணலா உதுர்ற கல்லுக்கு கெட்டி உலோகம், இல்லேன்னா பிளேடு ஒரே வாரத்துல தேஞ்சிரும். தலைகீழா இருக்குல்ல? வெட்டாம வழுக்க ஆரம்பிச்சா வெவரம் தெரிஞ்சவன் புது பிளேடு வாங்க ஓடமாட்டான், ஒரு மணல்கல்லுல நாலு இழுப்பு இழுத்துட்டு வந்து திரும்ப வேலைய பாப்பான். பாலிஷ் வேற, சொரசொரப்பான 50-ம் நம்பர் தேய்ப்பு பேட்ல ஆரம்பிச்சு 100, 200ன்னு ஏறி 3000 வரைக்கும், நடுவுல ஒன்ன தாண்டுனா கோடு தெரிஞ்சிரும், கஸ்டமர் வெளிச்சத்துல சாய்ச்சு பாத்து கண்டுபுடிச்சிருவாங்க.

உங்க பையன் பொறுமைசாலியான்னு எனக்கு தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப நான் பயப்படுற விசயம் வேற. தூசி. என் சித்தப்பா ஒரு கடையில அஞ்சாறு வருசம் தண்ணி விடாம காஞ்ச கல்லயே கிரைண்டர் போட்டாரு, மாஸ்க்குன்னு மூஞ்சில துண்ட கட்டிக்குவாரு, கடைசியில மாடிப்படி ஏற முடியாம நின்னாரு. கல்லுல இருக்குற சிலிக்கா தூளு நுரையீரல்ல போயி தழும்பாயிருது, சிலிகோசிஸ்னு பேரு, வந்தா திரும்ப சரியாகாது. எல்லா கல்லும் ஒரே மாதிரி இல்ல. ஈப்போவ சுத்தி நிக்கிற மலைங்கள்ல நெறைய சுண்ணாம்புக்கல்லு, மார்பிளும் அந்த வம்சம்தான் (எலுமிச்சம்பழம் பட்டா மங்குறது அதனாலதான்), அதுல சிலிக்கா கம்மி. கிரானைட்ல அதைவிட அதிகம். இப்ப எல்லா கிச்சன்லயும் போடுறாங்களே குவார்ட்ஸ் டாப்பு, கல்லுத்தூள பசை போட்டு அழுத்துனது, அதுல 90 சதவீதத்துக்கு மேலயே சிலிக்கா இருக்குற வகையெல்லாம் இருக்கு, ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலைலேர்ந்து அதை தடையே பண்ணிட்டாங்க. இங்க கடைங்கள்ல மூணையும் வெட்டுவாங்க. அதனால சம்பளம் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி கடைக்குள்ள தரைய பாருங்க. ஈரமா சேறா கெடந்தா நல்ல கடை. காஞ்சு வெள்ளையா, மேசை மேல வெரல் வச்சா மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா முதலாளி எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேணாம் லா, கூட்டிட்டு வந்துருங்க.

கண்ணாடி பக்கமும் ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க. எனக்கென்னமோ தம்பிக்கு அது சரிப்படும்னு தோணுது, அன்னைக்கு ஆபிஸ்ல என் மேசை கண்ணாடியோட ஓரத்த தடவி தடவி பாத்துக்கிட்டே இருந்தான். கண்ணாடி வெட்டுறது வெட்டே இல்ல, ஒரு கோடு போடுறோம், அதோட ஒடைக்கிறோம். சின்ன சக்கரத்துல எண்ணெய் தொட்டு ஒரே அழுத்தத்துல ஒரே இழுப்பு, பட்டுத்துணி கிழியுற மாதிரி சத்தம் வரணும். நான் ஒரு தடவ தெரிஞ்ச கடையில ஆசைக்கு இழுத்து பாத்தேன், சரியா விழலையோன்னு அதே கோட்டுல ரெண்டாவது தடவையும் இழுத்துட்டேன், கண்ணாடி கோட்ட விட்டுட்டு அது இஷ்டத்துக்கு போச்சு, கடைக்கார அண்ணன் சிரிச்சிட்டே கைய பாத்தீங்களான்னு கேட்டாரு. பாத்ரூம் கதவுக்கு போடுற டெம்பர் கண்ணாடிய 600 டிகிரிக்கு மேல சூடு பண்ணி சட்டுன்னு காத்தடிச்சு ஆத்துவாங்க, அதுக்கப்புறம் ஒரு ஓட்டை கூட போட முடியாது, தொட்டா மொத்தமா பொலபொலன்னு கொட்டிரும். அளவு மூணு மில்லி தப்புனா காசு போச்சு. அதனால அளவெடுக்குறவனுக்கு அங்க மரியாதை. ஜோகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடி கோயில பாத்திருப்பீங்களே, அத்தனையும் துண்டு துண்டா ஒட்டுனதுதானே.

அப்பறம் பேப்பர். கடையில சும்மா கத்துக்கிட்டா பத்து வருசம் கழிச்சும் "அனுபவம் இருக்கு"ன்னு வாயாலதான் சொல்லணும். எஸ்கேஎம்னு அரசாங்க தொழில்திறன் சர்ட்டிபிகேட் லெவல் 1, 2, 3ன்னு இருக்கு, அதுக்கு எஸ்பிஎம் கிரெடிட் எல்லாம் கேக்கமாட்டாங்க, மூணு முடிச்சா டிப்ளோமாவுக்கும் ஏறலாம். சிஎன்சி மெஷின் கோர்ஸ் எடுத்தான்னா கல்லு கடை, கண்ணாடி கடை, இரும்பு பட்டறை எங்கயும் ஒக்காரலாம், நான் அதைத்தான் சொல்லுவேன். வேல செஞ்சுக்கிட்டே படிக்கிற எஸ்எல்டிஎன்னு ஒன்னு இருக்கு, பெரும்பகுதி பட்டறையில, கொஞ்சம்தான் வகுப்புல. பீஸுக்கு, தொழில்திறன் படிப்புக்கு கடன் தர்ற பிடிபிகேகிட்ட கேக்கலாம். நேரா வேலைக்குத்தான் போவேன்னு அடம் புடிச்சா மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சட்டப்படி கொறஞ்சபட்ச சம்பளம், அது தர்றாங்களா, இபிஎஃப் (ஓய்வுகால சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) புடிக்கிறாங்களான்னு கேளுங்க. "மொத மூணு மாசம் கையில தர்றேன்"னு இழுத்தா புரிஞ்சுக்கோங்க.

உங்க ஊரு சுங்கை சிப்புட்லேர்ந்து அந்த மார்பிள் கடைக்கு தினம் மோட்டர்ல போறது நடக்காது, ஈப்போவ தாண்டி போகணும், ரூம் யாரு தர்றாங்கன்னும் கேக்கணும்.

சனிக்கிழமை எனக்கு ஆபிஸ் அரை நாள். மத்தியானம் நாம மூணு பேரும் அந்த கடைக்கு சொல்லாம கொள்ளாம போவோம், சொல்லிட்டு போனா தண்ணி அடிச்சு கழுவி வச்சிருப்பாங்க. எஸ்பிஎம் சிலிப்பும் ஐசியும் (அடையாள கார்டு) எடுத்துக்கோங்க. தம்பிய மூடுன ஷூ போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க, போன தடவ மாதிரி சிலிப்பர்ல வந்தான்னா உள்ளயே விடமாட்டாங்க, விட்டாங்கன்னா அதுவும் நமக்கு ஒரு பதில்தான்.