முதல் லினக்ஸ் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்தான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனசில்லை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாம் என்றால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அடிக்கடி வந்தவற்றை மட்டும் எடுத்துப் பதில் சொல்கிறேன்.

ஐ5 நான்காம் தலைமுறை லேப்டாப், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது. ஆளுக்கு ஒரு லினக்ஸ் பெயர் சொல்லிக் குழப்புகிறார்கள். எதைப் போடலாம்?

லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசஸர்களை ஏற்பதில்லை. உங்கள் ஐ5 அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். பிரவுசர், கடிதம், வீடியோ, வீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் அது இன்னும் பல வருடம் தாங்கும். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும், வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். இப்போதைய மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் கிடைக்கும். மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றேதான், திரையில் நீங்கள் பார்த்துப் புழங்கும் டெஸ்க்டாப் மட்டும் மாறும், அதில் எக்ஸ்எஃப்சிஇ எடை குறைந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்த டிஸ்ட்ரோ (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், ஆனால் பழைய மெஷினில் உங்களுக்குத் தெரியும் வேகம் முதலில் டிஸ்க்கையும், அப்புறம் பிரவுசரையும், அதற்கடுத்து டெஸ்க்டாப்பையும் பொறுத்தது, டிஸ்ட்ரோவின் பெயர் கடைசியில்தான் வருகிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருந்தும் வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ரேமும் சேருங்கள். அந்தத் தலைமுறை லேப்டாப்புகளில் பெரும்பாலும் டிடிஆர்3எல் வகைதான் பொருந்தும், கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் டிஸ்ட்ரோவை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காலம்தான் வீணாகும்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பு) ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் டிஸ்க்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் வந்துவிடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் குறைக்கும் பொத்தான், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள்.

எப்போதும் மின்ட்டையே சொல்கிறீர்களே, உபுண்டுவுக்கு என்ன குறை?

குறை என்று ஒதுக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. மின்ட் 22 கட்டப்பட்டிருப்பதே உபுண்டு 24.04 மேல்தான், உபுண்டு இல்லாமல் மின்ட் இல்லை. புதிதாக வருபவருக்கு நான் மின்ட்டை நீட்டக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கை தேடுகிற இடத்திலேயே எல்லாம் இருக்கும். உபுண்டுவின் குனோம் டெஸ்க்டாப் அழகானது, ஆனால் முதல் வாரம் கை தடுமாறும். இரண்டாவது ஸ்னாப், அதாவது மென்பொருளைப் பொதியாகக் கட்டித் தரும் உபுண்டுவின் தனி முறை. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் உட்படச் சில மென்பொருட்கள் ஸ்னாப் பொதியாகத்தான் வருகின்றன, பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் முதல் தடவை திறக்க அவை எடுத்துக்கொள்ளும் நேரம் புதியவரை வெறுப்பேற்றும். மின்ட் 2020லிருந்தே ஸ்னாப்பைத் தானாக நுழைய விடுவதில்லை.

லேப்டாப் புத்தம் புதுசு என்றால் கதை வேறு. சமீபத்தில் வந்த கிராபிக்ஸ், வைஃபை சில்லுகளுக்குப் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேண்டும், அங்கே புதிய உபுண்டுவோ ஃபெடோராவோ முந்திக்கொள்ளும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள், இடையில் வரும் உபுண்டு பதிப்புகளுக்கு 9 மாதம்தான். அடிக்கடி மேம்படுத்த விரும்பாதவர் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று குறிப்பிட்டிருக்கும் உபுண்டுவை மட்டும் எடுங்கள்.

நான் பி.இ. இரண்டாம் ஆண்டு. எத்திக்கல் ஹேக்கிங் கற்க ஆசை. காளி லினக்ஸையே முதல் லினக்ஸாகப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் இதை எடுக்க வேண்டாம் என்று காளியின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. வகுப்புக் குறிப்பு எழுத, புராஜெக்ட் செய்ய, படம் பார்க்க என்று தினமும் புழங்குவதற்காக வடிவமைத்ததல்ல. மின்ட் அல்லது உபுண்டுவைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) காளியை ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே எதையாவது உடைத்தாலும் முன்பு சேமித்து வைத்த நிலைக்கு (ஸ்னாப்ஷாட்) திரும்பிவிடலாம், நாளை காலை சமர்ப்பிக்க வேண்டிய அசைன்மென்ட் தப்பிக்கும். கோப்பு அனுமதிகள், புராசஸ்கள், நெட்வொர்க் அமைப்பு இவையெல்லாம் தினமும் புழங்கும் கணினியில்தான் நன்றாகப் படியும், அவை தெரியாமல் காளியில் இருக்கும் கருவிகளை ஓட்டினால் திரையில் வருவது என்னவென்றே புரியாது.

அரசுப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற டிஸ்ட்ரோவை அடிப்படையாகக் கொண்டது. அதில் நீங்கள் பழகியது எதுவும் வீண் போகாது, மின்ட்டிலும் அதே முறைதான். ஆனால் பள்ளியில் ஏற்றிக் கொடுத்த பழைய பதிப்புக்கு இப்போது பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, அதை வைத்து வங்கி வேலை பார்ப்பது சரியில்லை. கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇயைப் புதிதாக நிறுவுங்கள், பழையதன் மேலேயே மேம்படுத்த முயலாதீர்கள்.

சிறிய கடை வைத்திருக்கிறேன். டேலி, ஒரு கேனன் எல்பிபி 2900 பிரின்டர். லினக்ஸ் போட்டால் செலவு மிச்சம் என்கிறார் தெரிந்தவர்.

அந்தக் கணினியில் போடாதீர்கள். லினக்ஸை நேசிப்பவனாகத்தான் சொல்கிறேன். டேலி விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம் என்று சொல்வார்கள், ஓடவும் செய்யலாம், ஆனால் லைசென்ஸோ அப்டேட்டோ சிக்கினால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய நாளில் உங்களுக்கு யார் வந்து சரிசெய்வார்கள்? டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தினால் அது இன்னொரு தலைவலி.

பிரின்டரும் அப்படியே. எல்பிபி 2900 உறுதியான மெஷின், நம் ஊர் கடைகளிலும் ஜெராக்ஸ் சென்டர்களிலும் எங்கே பார்த்தாலும் இருக்கும், ஆனால் அது கேப்ட் என்ற தனி முறையில் பேசுவது. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும், புதியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது ஓடும், ஆனால் எச்பிலிப் என்ற பொதியோடு அதன் கூடுதல் பிளக்இன்னையும் இறக்க வேண்டும், இல்லையென்றால் பிரின்டர் பட்டியலில் தெரியும், காகிதம் மட்டும் வராது. இப்போது வரும் வைஃபை பிரின்டர்களில் பெரும்பாலானவை தனி டிரைவரே இல்லாமல் லினக்ஸில் வேலை செய்கின்றன.

உங்களுக்கு என் யோசனை: கணக்குக் கணினி விண்டோஸ் 11 ஏறக்கூடியதாக இருக்கட்டும். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தால் அதில் மின்ட் போட்டுப் பழகுங்கள். கோரல்டிரா, ஃபோட்டோஷாப் வைத்துத் தொழில் நடத்தும் அச்சகக்காரர்களுக்கும் இதே பதில்தான். பிழைப்பு ஒரு மென்பொருளில் இருந்தால் அந்த மென்பொருள் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் நீங்களும் இருக்க வேண்டும்.

லினக்ஸில் தமிழ் தட்டச்சு எப்படி? எனக்கு தமிழ்99 பழக்கம். பாமினியில் அடித்த பழைய கோப்புகளும் நிறைய உண்டு.

தாராளமாக வரும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ் (ibus), ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற இரண்டு தட்டச்சுப் பொதிகளையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் பட்டியலில் நிற்கும். உபுண்டுவில் ஐபஸ் ஏற்கெனவே இருக்கும், எம்17என் மட்டும் போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணினியின் விசைப்பலகை அமைப்புகளிலேயே தமிழ்நெட் 99 என்று ஒரு தளவமைப்பு தெரியும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு "தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறார்கள். அந்தத் தளவமைப்பில் ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய எழுத்து வரும், அதற்குமேல் அது யோசிக்காது. க அடித்து இ அடித்தால் கி ஆவது, ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானாக விழுவது போன்ற தமிழ்99 இன் உயிர்நாடியான வசதிகளெல்லாம் முந்தைய எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை, அதற்கு எம்17என் போன்ற உள்ளீட்டு முறைதான் வேண்டும்.

பாமினி கோப்புகளுக்கு அந்த எழுத்துரு கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவிவிட்டால் லிப்ரே ஆபிஸில் பழையபடி தெரியும். ஆனால் அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகம் போர்த்தியவை, தேடினால் கிடைக்காது, வேறு கணினிக்கு அனுப்பினால் குப்பையாகத் தெரியும். முக்கியமானவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், எத்தனையோ குடும்ப வரலாறும் சங்கக் கணக்கும் இப்படிப் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

வைஃபையே காட்டவில்லை!

சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து யுஎஸ்பி டெத்தரிங்கை இயக்குங்கள், உடனே இணையம் வந்துவிடும். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைப்பதை நிறுவுங்கள்.

2 ஜிபி ரேம், 32 பிட் கணினி. ஏதாவது வழி?

முதலில் அது நிஜமாகவே 32 பிட்தானா என்று பாருங்கள். 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்த கணினிகள் ஏராளம், கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான். 64 பிட் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு முயலலாம். உண்மையான 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் போன்ற ஒருசில மட்டுமே மிச்சம். டெபியன் 13 அதற்கான நிறுவியை விட்டுவிட்டது, குரோம் 2016லேயே விலகிவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பாட்டு கேட்க, தட்டச்சு பழக வைத்துக்கொள்ளலாம், இணையத்துக்கு வேண்டாம்.

வாலரன்ட் விளையாட்டு ஓடுமா?

ஓடாது, அதன் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை அனுமதிப்பதில்லை. ஸ்டீமில் உள்ள பல விளையாட்டுகள், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மூலம் நன்றாகவே ஓடும்.

விண்டோஸ் 11ஐயும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் வேண்டும். டேட்டா போய்விடுமோ என்று பயம்.

பயப்படுவது நியாயம். முதலில் புகைப்படங்கள், சான்றிதழ்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, கம்பியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும், பிரிவுகளையோ பூட் அமைப்பையோ மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வைக்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். குறியாக்கத்தை அணைத்துவிட்டுச் செய்வது இன்னும் எளிது.

பிறகு விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது காலி இடம் விடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அதை அணைக்காவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைப் படிக்க முடியும், எழுத முடியாமல் போகலாம். மின்ட் நிறுவியில் "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்ற தேர்வு வரும். "டிஸ்க்கை முழுதாக அழி" என்பதும் அங்கேயே பக்கத்தில் இருக்கும், எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று இரண்டு முறை படியுங்கள். எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிந்தால் பதற வேண்டாம், இரண்டும் நேரத்தைச் சேமிக்கும் முறை வேறு, கணினிக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே சேமிக்கும்படி லினக்ஸை மாற்றினால் சரியாகிவிடும்.