கடைசி ஜோடிக் கொலுசு

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில் இருக்கும் சின்ன ஸ்டார்ட்அப்புக்கு இன்டர்வியூ போனேன். மொத்தமே ஆறு பேர். கொலுசு வியாபாரிகளுக்கு ஆர்டர் ஆப் செய்கிறார்கள். "ஸ்டாக்கில் ஒரே ஒரு ஜோடி. இரண்டு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டால்?" என்று கேட்டார்கள். ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒன்றைக் குறைப்பேன் என்றேன். "சரி, சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தப்பு ஒரே இடத்தில்தான் தங்கச்சி. 'பார்த்து' என்பதற்கும் 'குறைப்பேன்' என்பதற்கும் நடுவில்.

செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் போனில் ஈரோட்டுக்காரருக்கு "இருக்குங்க, எடுத்து வைக்கிறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, முன்னால் கல்லாவில் அத்தை அதே ஜோடியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேருமே பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். உங்கள் புரோகிராமிலும் இதுதான் நடக்கும். இரண்டு ஆர்டரும் '1' என்று படிக்கும், இரண்டும் குறைக்கும்.

பார்ப்பதையும் குறைப்பதையும் ஒரே கட்டளையில், ஸ்டாக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் கொடுத்துவிட வேண்டும்: 'ஸ்டாக் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை'. டேபிளில் எத்தனை வரிசை (row) மாறியது என்று அது திருப்பிச் சொல்லும். 1 என்றால் ஆர்டர் உறுதி. 0 என்றால் "தீர்ந்துவிட்டது" என்று காட்ட வேண்டியதுதான்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே செய்து பாருங்கள். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம். அதில் ஒரு டேபிள் போட்டு, ஸ்டாக் 1 என்று வையுங்கள். இரண்டு டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து, இரண்டிலும் 'பிகின்' (வேலையை ஆரம்பி) அடியுங்கள். முதலாவதில் அந்தக் கட்டளையைக் கொடுங்கள்: 'அப்டேட் 1' என்று வரும். இரண்டாவதிலும் அதையே கொடுங்கள். அது அப்படியே நின்றுவிடும், கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். இப்போது முதலாவதில் 'கமிட்' (மாற்றத்தை உறுதி செய்) அடித்த அந்த நொடியில் இரண்டாவது விழித்து, 'அப்டேட் 0' என்று சொல்லும். நான் முதன்முதலில் இதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. புத்தகத்தில் இருந்து எடுத்த புதிர் இல்லை, அவர்கள் தினமும் மல்லாடுகிற விஷயம். ஆறு பேர் உள்ள இடத்தில், "ஆர்டர் போட்ட கடைக்காரர் பணம் கட்டாவிட்டால் அந்த ஜோடியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால் அவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு மாதமாக ஒரு வரி பதில்கூட அனுப்பாதது அவர்கள் தப்புதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரண்டு டெர்மினலிலும் பார்த்ததை ஐந்தாறு வரியில் எழுதி, அந்தக் கேள்வி கேட்டவருக்கே மெயில் போடுங்கள். இந்த வாரமே போடுங்கள், தங்கச்சி. தள்ளிப்போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.