கிண்ணம் சுற்றுகிறது, வேகம் மட்டும் பூஜ்யம்!

கேள்வி: வீட்டு வானிலைக் கருவியில் காற்றுக் கிண்ணங்கள் நன்றாகச் சுற்றியும் திரையில் வேகம் 0 என்றே நிற்கிறது. சென்சாரையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சுற்றுகிறது என்றால் பேரிங் மேல் பழி இல்லை. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் கிண்ணத்தோடு ஒரு குட்டிக் காந்தம் சுற்றும், அது கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ரீட் சுவிட்சின் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிப் பிரியும், அந்த எண்ணிக்கையைத்தான் கருவி காற்றின் வேகமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, அதன் இரு முனைகளையும் சென்சாரின் இரு முனைகளில் தொட்டபடி, கிண்ணத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். விட்டு விட்டு பீப் வந்தால் சென்சார் பிழைத்தது, கோளாறு அநேகமாக வயரிலோ பிளக்கிலோ. பிளக்கின் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா பாருங்கள். சத்தமே இல்லையா? காந்தம் விழுந்திருக்கலாம், இல்லாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. புதிய சுவிட்சைப் பொருத்தும்போது அதன் கம்பியைக் கண்ணாடியை ஒட்டி மடக்கினால் விரிசல் விடும், நானே இரண்டை உடைத்திருக்கிறேன். அப்புறம், கருவியைத் திறந்ததுதான் திறந்தோம் என்று பேரிங்கில் கிரீஸை அப்பிவிடாதீர்கள், இளங்காற்றுக்குக் கிண்ணம் அசையவே அசையாது.