ஆஃபர் லெட்டர்ல 'எக்ஸெம்ப்ட்'னு இருந்தா ஓவர்டைம் கேட்கவே முடியாதா?

ஹூஸ்டன்ல இருந்து ஒருத்தர் எழுதியிருக்கார். ஒரு கம்பெனியில ஐடி சப்போர்ட் வேலை, வருஷம் 52,000 டாலர் சம்பளம், வாரத்துக்கு 55 மணி நேரம் வேலை ஓடிருக்கு, ஆஃபர் லெட்டர்லயே எக்ஸெம்ப்ட்னு, அதாவது ஓவர்டைம் விதியில இருந்து விலக்குன்னு, போட்டு கையெழுத்து வாங்கிட்டதால ஓவர்டைம்னு ஒரு சென்ட் கூட வரல. போன மாசம் வேலையை விட்டாச்சு, இப்போ போய் அந்தக் காசைக் கேட்கலாமாங்கறார்.

தாராளமா கேட்கலாம் சார். வேலையை விட்டதும் தடை இல்ல, கையெழுத்து போட்டதும் தடை இல்ல. ஓவர்டைம் உரிமையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1945லயே சொல்லிடுச்சு.

1938ல வந்த எஃப்.எல்.எஸ்.ஏ.ங்கற ஃபெடரல் கூலிச் சட்டப்படி வாரத்துல 40 மணிக்கு மேல போற ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. எக்ஸெம்ப்ட்னு விலக்கு கொடுக்கணும்னா மாசச் சம்பளம் மாதிரி ஃபிக்ஸடா கொடுக்கணும், அது வாரம் 684 டாலருக்குக் குறையக் கூடாது, அதோட நீங்க பாக்கற வேலையும் சட்டம் சொல்ற வகைக்குள்ள வரணும். சம்பள அளவை 2024ல ஏத்துனாங்க, ஆனா அந்த நவம்பர்லயே டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதனால பழைய 684 தான். உங்க சம்பளம் வாரம் 1,000, அதைத் தாண்டிடுச்சு, அப்போ கேஸ் முழுக்க நீங்க என்ன வேலை பாத்தீங்கங்கறதுல தான் நிக்குது.

கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கான விலக்கு புரோகிராம் எழுதறவங்க, சிஸ்டம் டிசைன் பண்றவங்க, சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் மாதிரி ஆளுங்களுக்கு. பாஸ்வேர்ட் ரீசெட், லேப்டாப் செட்டப், டிக்கெட் (பிரச்சனைப் புகார்) வந்தா மேனுவல் பாத்து சரி பண்றது, இதெல்லாம் அதுல வராதுன்னு லேபர் டிபார்ட்மென்டே 2006ல ஹெல்ப்டெஸ்க் பத்தி கருத்து சொல்லிருக்கு. விசிட்டிங் கார்டுல என்ன பதவி பேர் போட்டிருந்தாலும் அது கணக்கு இல்ல, விலக்கு பொருந்தும்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கம்பெனி தலையில தான்.

இப்போ பணம். இங்க தான் பல பேர் ஏமாந்து போறாங்க. 1,000 டாலர் 40 மணிக்கான சம்பளம்னு எடுத்தா மணிக்கு 25, ஒன்றரை மடங்கு 37.50, கூடுதல் 15 மணிக்கு வாரம் 562.50 வரும். ஆனா கம்பெனி வக்கீல் வந்து, அந்த 1,000 நீங்க பாத்த 55 மணிக்கும் சேர்த்துக் கொடுத்தது, மணிக்கு 18.18 தான் வருது, அதுல பாதி மட்டும் மேல கொடுத்தா போதும்பார், அப்படிப் போட்டா வாரம் 136 டாலர் சில்லறை தான். டெக்சாஸ் வர்ற ஃபிஃப்த் சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் எல்லைல இந்தப் பாதிக் கணக்கு எடுபடும், அதனால சம்பளம் 40 மணிக்குத் தான்னு காட்டற எந்தக் காகிதமும் உங்களுக்குத் தங்கம்: ஆஃபர் லெட்டர், ஹேண்ட்புக், ஹெச்.ஆர். அனுப்பின மெயில், எதுலயாவது வாரம் 40 மணின்னு ஒரு வரி இருக்கான்னு இன்னிக்கே தேடுங்க. எந்தக் கணக்குல வந்தாலும், கம்பெனி நல்லெண்ணத்தோட, தக்க காரணத்தோட தான் செஞ்சோம்னு கோர்ட்டுல நிரூபிச்சாலொழிய அதே அளவு தொகை இன்னொரு மடங்கா நஷ்ட ஈடு வரும், ஜெயிச்சா வக்கீல் ஃபீஸும் கம்பெனி தரணும், அதனால தான் நிறைய வக்கீல்கள் முன்பணம் வாங்காமலே இந்தக் கேஸை எடுக்கறாங்க.

மணிக்கணக்கு குறிச்சு வைக்கலையேன்னு பயப்படாதீங்க. குறிச்சு வைக்க வேண்டியது முதலாளியோட கடமை, அவங்க வைக்கலைன்னா தொழிலாளி நியாயமான மதிப்பீடு காட்டினா போதும்னு 1946ல வந்த தீர்ப்பு இன்னும் செல்லும். உங்க சொந்த ஃபோன்ல இருக்கற மெசேஜ், ராத்திரி வந்த கால் லிஸ்ட், கூகுள் மேப்ஸ் டைம்லைன், எல்லாத்தையும் வச்சு வாரம் வாரமா ஞாபகம் இருக்கறதை எழுதிடுங்க. ஆனா கம்பெனி சிஸ்டத்துக்குள்ள பழைய லாகின்ல நுழைஞ்சு எதையும் எடுக்காதீங்க, நல்ல கேஸை நாமளே கெடுத்துக்கற வேலை அது. ஆன்-கால்ல, அதாவது கூப்பிட்டா வேலை பாக்கணும்னு இருக்கற நேரத்துல, ஃபோனை வெறுமனே பக்கத்துல வச்சிருந்த நேரம் பெரும்பாலும் கணக்குல சேராது, எடுத்துப் பேசி வேலை பாத்த நேரம் சேரும்.

அவசரம் ஏன்னா, கேஸ் போடற நாள்ல இருந்து பின்னாடி 2 வருஷம் தான் கேட்க முடியும், கம்பெனி தெரிஞ்சே செஞ்சதுன்னு நிரூபிச்சா 3. நீங்க தள்ளிப் போடற ஒவ்வொரு சம்பள நாளுக்கும் பழைய சம்பள நாள் ஒண்ணு கையை விட்டுப் போகுது. லேபர் டிபார்ட்மென்டோட வேஜ் அண்ட் ஹவர் டிவிஷன்ல இலவசமா புகார் கொடுக்கலாம், 1-866-487-9243, ஆனா அந்தப் புகார் இந்தக் கெடுவை நிறுத்தாது, கோர்ட்டுல போட்டா தான் நிக்கும். நியூயார்க், நியூஜெர்சில இருக்கறவங்களுக்கு மாநிலச் சட்டத்துல 6 வருஷம் உண்டு, டெக்சாஸ்ல தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு மாநில ஓவர்டைம் சட்டம் இல்லாததால உங்களுக்கு ஃபெடரல் மட்டும் தான்.

வேலை விட்டப்போ ஏதாவது பணம் தர்றோம், இதுல கையெழுத்து போடுங்கன்னு பேப்பர் அனுப்பிருந்தா, வக்கீல் பாக்காம தொடாதீங்க. சேரும்போது ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் (தகராறை கோர்ட்டுக்கு வெளிய நடுவர்கிட்ட தீர்த்துக்கறது) போட்டிருக்கீங்களான்னும் பாருங்க, இருந்தா கோர்ட்டுக்குப் பதிலா அங்க தனியாளா போக வேண்டி வரும். அது இல்லைன்னா, கூட வேலை பாத்தவங்களும் உங்க கேஸ்ல சேரலாம், ஆனா அவங்கவங்க சம்மதக் கடிதம் கோர்ட்டுல ஏறற நாள்ல தான் அவங்கவங்க கெடு நிக்கும், அதனால நீங்க போடும்போதே அவங்களுக்கும் சொல்லிடுங்க.