எது வைரஸ் என்று முயலுக்குத் தெரியாது: கேள்வி பதில்

பயிர்களைத் தாக்கும் வைரஸ்களைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) தயாரிப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

செடிகளுக்கு ஆன்டிபாடியே கிடையாதே, பிறகு எங்கிருந்து வருகிறது?

விலங்கிடமிருந்துதான். வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப்புரதத்தை முயலுக்கு ஊசியாகப் போட்டால் அதன் உடல் ஆன்டிபாடி உண்டாக்கும். சில வாரம் கழித்து ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி இருக்கும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துக்கொள்வோம்.

நான் தயாரித்த ஆன்டிபாடி நல்ல இலையையும் நோய் இலை என்று காட்டுகிறது. எங்கே தப்பு?

நான் முதலில் தயாரித்ததும் இதே கூத்துதான்! ஊசியில் போனது வைரஸ் மட்டுமாக இருந்திருக்காது. இலையில் ஏராளமாக இருக்கும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ரூபிஸ்கோ போன்ற புரதங்களும் கூடவே போயிருக்கும். எது வைரஸ், எது இலை என்று முயலுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி செய்துவிடும்.

கையில் இருக்கும் சீரத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. நோயில்லாத இலைச் சாற்றை அதோடு கலந்து வையுங்கள். வேண்டாத ஆன்டிபாடிகள் அந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை உறைப்புரத மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து, புரதத்தை அதிலேயே உற்பத்தி செய்யுங்கள். செடியில் உணவைக் கடத்தும் குழாய்த் திசுவுக்குள் (ஃபுளோயம்) மட்டும் கொஞ்சமாக வாழும் வைரஸ்களுக்கு இதுதான் வசதி. அவற்றைச் செடியிலிருந்து போதுமான அளவு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஆனால் பாக்டீரியாவுக்குள் புரதம் பல சமயம் கட்டியாகத் திரண்டுவிடும். யூரியாவில் கரைத்தால் மடிப்பு குலையும். குலைந்த புரதத்துக்கு எழும் ஆன்டிபாடி, இலையில் முழு உருவத்தோடு இருக்கும் வைரஸை அடையாளம் காணாமலே போகலாம். எனவே சுத்தமான புரதம் கிடைத்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். நோய் இலைச் சாற்றில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பாலிகுளோனலா, மோனோகுளோனலா?

பாலிகுளோனல் என்பது முயல் சீரத்தில் இருப்பதுபோல் புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை. கோஹ்லர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் 1975-இல் கண்ட வழியில் வரும் மோனோகுளோனல், புரதத்தின் ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும். உருளைக்கிழங்கு ஒய் வைரஸின் ஓ, என் வகைகளைப் பிரித்தறிய அது வேண்டும். ஆனால் அந்த ஒரு இடம் மாறிய வகை வந்தால் கோட்டைவிட்டுவிடும். வைரஸைப் பிடிக்கப் பாலிகுளோனல், காட்டிக்கொடுக்க மோனோகுளோனல் என்று இரண்டையும் சேர்த்து வைப்பது என் விருப்பம்.

எலிசாவா, பட்டையா?

நிறைய மாதிரி இருந்தால் எலிசா, அதாவது குழித்தட்டில் ஆன்டிபாடியோடு ஒட்டிய நொதி நிறம் மாற்றிக் காட்டும் சோதனை. 1977-இல் கிளார்க்கும் ஆடம்ஸும் பயிர் வைரஸ்களுக்கு அதைக் கொண்டுவந்த முறை இன்றும் ஓடுகிறது. வயலில் நின்றபடி பார்க்க, இலைச் சாற்றில் நனைக்கும் சோதனைப் பட்டை போதும். தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி சில நிமிடங்களில் சிவப்புக் கோடு காட்டும். சோதனை சரியாக ஓடியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

அறிகுறி தெளிவாக இருக்கிறது, சோதனையில் எதுவும் வரவில்லையே?

வைராய்டாக இருக்கலாம். அது வெறும் ஆர்.என்.ஏ, உறைப்புரதமே இல்லை. ஆன்டிபாடி எதைப் பிடிக்கும்? மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்குப் போங்கள். அப்புறம், வைரஸ் செடி முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. வேறு இலைகளையும் எடுத்துப் பாருங்கள்.

எலிசாவில் எவ்வளவு மஞ்சள் நிறம் வந்தால் நோய் என்று சொல்லலாம்?

கண்ணை நம்பாதீர்கள். 405 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளந்து, நல்ல இலையின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று பலரும் எல்லை வைக்கிறார்கள். அந்த நல்ல இலை அதே ரகமாக, அதே வயதாக இருக்கட்டும். ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள், நேற்றைய தட்டின் கணக்கு இன்றைக்கு ஆகாது.