ஏர்கான் வேலைதானே என்கிறீர்கள்

வணக்கம் அம்மா. ஓ லெவல் பள்ளித் தேர்வு எழுதப்போகும் மகன், இணையத்துக்கான சர்வர் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர வேண்டும் என்று எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா கேட்கிறான், "கடைசியில் ஏர்கான் பார்க்கத்தானே போகிறான், கம்ப்யூட்டர் படித்தால் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். ஏர்கான் பார்க்கத்தான் போகிறான். சர்வர்கள் கக்கும் சூட்டைத் தணிப்பதுதான் அங்கே பெரிய தலைவலியே.

சிங்கப்பூர் சின்னத் தீவு. ஆனாலும் துவாசிலும் சாங்கியிலும் இணையத்தைச் சுமக்கும் கடலடிக் கேபிள்கள் வந்து கரையேறுகின்றன. சென்னையிலிருந்து 2002லேயே நேரடிக் கேபிள் வந்துவிட்டது, சுமார் 3,200 கிலோமீட்டர். கேபிள் கூடும் இடத்தில் டேட்டா சென்டரும் கூடும். இங்கே 70க்கு மேல் இருக்கின்றன. 2020ல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தை இவையே குடித்தன. இப்படி மின்சாரத்தைக் குடிப்பதால்தான் 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதியவற்றுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். 2023ல் வந்த அரசு வழிகாட்டி, சர்வர் அறையை 26 டிகிரியிலோ அதற்கு மேலோ வைத்துப் பழகச் சொல்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம். சர்வர் கெடாமல் அந்த ஒரு டிகிரியை ஏற்றத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் யூபிஎஸ் பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும், அதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். ஜெனரேட்டர் அறையில் காதை அடைத்துக்கொள்ளாமல் நிற்க முடியாது. ஷிப்ட் வேலை, தீபாவளியன்றும் வரச்சொல்வார்கள். கட்டடம்தான் பெரிது, ஆட்கள் கொஞ்சம். இங்கே நிலமும் மின்சாரமும் போதாமல் பல புதிய கட்டடங்கள் பக்கத்து மலேசியாவின் ஜொகூருக்கும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கும் போகின்றன. தினமும் ஜொகூர் பாலமோ கடலோ தாண்டத் தயாரா என்று அவனிடமே கேளுங்கள்.

டிப்ளோமாவும், ஆண்பிள்ளைகளுக்கு இங்கே கட்டாயமான தேசிய சேவையும் (ராணுவம் போன்றவை) முடிய ஐந்து வருடம் ஆகும். அதற்குள் சந்தை எப்படியும் மாறலாம். அதனால் "டேட்டா சென்டர்" என்று பெயர் வைத்த குறுகிய படிப்பை விட்டு, பொதுவான எலெக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் எடுக்கச் சொல்வேன். குளிரூட்டும் சில்லர் இயந்திரமும் ஜெனரேட்டரும் மருத்துவமனையிலும் உண்டு, சிப் தொழிற்சாலையிலும் உண்டு.

அப்புறம், வீட்டு ஃபேனைப் பிரித்துப் போட்டுவிட்டான் என்று குறைப்பட்டிருந்தீர்கள். திரும்ப மாட்டினானா? அதை எழுதவில்லையே நீங்கள்.